ஏங்க என்றதும் வந்தவர்

போன ஆவணியில், ஒரு கல்யாண மண்டபத்து வாசலில், என் வீட்டுக்காரர் என்று நினைத்து வேறொருவரைக் கூப்பிட்டு வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். தப்பு என்னுடையதுதான். பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் இது நடந்திருக்காது.

எங்கள் பக்கத்தில் என் வயசுப் பெண்கள் வீட்டுக்காரர் பெயரைச் சொல்வதில்லை. கல்யாணமாகி இருபத்தேழு வருஷமாக நானும் 'ஏங்க' என்றுதான் கூப்பிட்டு வந்திருக்கிறேன். அன்றைக்குப் பந்தி முடிந்து, செருப்புகள் குவிந்து கிடக்கும் இடத்தில் நின்றுகொண்டு, "ஏங்க, கிளம்புவோமா" என்றேன். பதினோரு ஆண்கள் திரும்பினார்கள். அதில் ஒருவர் தாம்பூலப் பையோடு என் பக்கத்தில் வந்து நின்றார். என் கவனம் முழுவதும் செருப்பில் இருந்தது. இடது கால் கிடைத்துவிட்டது, வலது காலைக் காணவில்லை. அது கிடைத்ததும் நிம்மதியாக அவருடைய ஸ்கூட்டரில் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டேன். செருப்பு மாறிவிடக் கூடாது என்று அவ்வளவு உன்னிப்பாகப் பார்த்தவளுக்கு ஆளைப் பார்க்கத் தோன்றவில்லை.

பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது. அச்சு அசலாக அவரேதான். உச்சியில் அதே வழுக்கை. இடது காதுக்குப் பின்னால் அதே மச்சம். பூட்டில் சாவியைப் போடுவதற்கு முன்னால் அதே செருமல். சினிமாவில் இரட்டை வேடம் என்றால் ஒருவருக்குக் கன்னத்தில் ஒரு மருவாவது ஒட்டுவார்கள். இல்லாவிட்டால் ஒருவருக்கு வேட்டி, மற்றவருக்குக் கால்சட்டை என்று பிரித்துக் கொடுப்பார்கள். கதாநாயகி இடைவேளைக்குள் கண்டுபிடித்துவிடலாம். நம் வீட்டில் அந்தச் சிரமத்தை யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

நாலரை மணிக்குக் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். டம்ளரை வாங்கிக்கொண்டு, "நீ குடிச்சியா?" என்றார்.

எனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். காலண்டர் மட்டும் இருந்தது.

இருபத்தேழு வருஷத்தில் அவர் அப்படிக் கேட்டதில்லை. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. டம்ளரை வாங்குவார், காலி டம்ளரை நீட்டுவார். குழாய்க்குப் பின்னால் தொட்டி இருப்பதைப் போல, டம்ளருக்குப் பின்னால் நான் இருப்பது அவருக்குத் தெரிந்த விஷயம்தான். தொட்டியிடம் போய் நீ குடிச்சியா என்று யாரும் கேட்பதில்லை. ஆகவே இவர் அவர் இல்லை.

முதலில் போய் கேஸ் அடுப்பின் குமிழைப் பார்த்தேன். என்ன கஷ்டம் வந்தாலும் நான் முதலில் அதைத்தான் பார்ப்பேன். மூடியிருந்தது. இன்னொரு தரம் பார்த்தேன். பிறகு, கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்திருக்கும் மகள் கோமதிக்குப் போன் பண்ணினேன்.

"கோமு, அப்பா மாறிட்டாரு."

"எங்க வச்சும்மா?"

"மண்டபத்துல. செருப்பு விடுத இடத்துல."

"அங்கதான் எல்லாருக்கும் மாறும். எங்க அத்தைக்கும் போன தையில மாறிருச்சு. அவங்க கவனிக்கவே இல்ல, நாங்கதான் சொன்னோம். புதன்கிழமை தாலுகா ஆபீஸ்ல ஆள் மாறாட்டப் பிரிவு இருக்கும். ஆதார் ஜெராக்ஸ் ரெண்டு எடுத்துட்டுப் போ. அடுப்ப அணைச்சிட்டியா?"

"ரெண்டு தரம் பாத்துட்டேன்."

"எதுக்கும் இன்னொரு தரம் பாத்துக்க."

என் மகள் என்னைக் கிண்டல் செய்கிறாள் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் போய்ப் பார்த்தேன்.

எனக்கு எதையும் மனசுக்குள் வைத்துக்கொள்ள வராது. கூடத்துக்கு வந்து அவரிடமே, "நீங்க அவரு இல்ல" என்று சொல்லிவிட்டேன்.

அவர் காபியை ஆற்றியபடி யோசித்தார். "இருக்கலாம். கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு, வந்தேன்" என்றார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "புதன்கிழமை நானே கொண்டுபோய் விடுதேன். பஸ்ல கூட்டமா இருக்கும்" என்றார்.

தன் மேல் புகார் கொடுக்கப் போகிறவளைத் தானே ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறவரை நான் அதுவரை பார்த்ததில்லை. இதையும் ஆதாரத்தில் சேர்த்துக்கொண்டேன்.

ஆள் மாறாட்டப் பிரிவு மாடியில், பட்டாப் பிரிவுக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் நடுவில் இருந்தது. வரிசையில் எட்டுப் பேர். எனக்கு முன்னால் நின்றவர் தன்னுடைய தெருவே மாறிவிட்டது, வீடுகள் மட்டும் பழையபடி இருக்கின்றன என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவரை நில அளவைப் பிரிவுக்கு அனுப்பினார்கள்.

கிளார்க் மேடத்துக்கு என் வயசு இருக்கும். மேசைப் பலகையில் மரகதவல்லி என்று எழுதியிருந்தது.

"என்ன மாறிச்சு?"

"வீட்டுக்காரரு."

மரகதவல்லி கண்ணாடிக்கு மேலாக என் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார். அவர் வணக்கம் சொன்னார்.

"இவரு அவரா, அவருக்குப் பதிலா வந்தவரா?"

"பதிலா வந்தவரு மேடம்."

"வித்தியாசம் என்னன்னு ஏழாவது கட்டத்துல எழுதுங்க."

நான் எட்டாம் வகுப்பு வரைதான் படித்தேன். எங்கள் அப்பா படுத்த படுக்கையானதில், ஒன்பதாம் வகுப்புப் புத்தகம் வாங்கிப் பழுப்புத் தாளில் அட்டை போட்டு வைத்ததோடு படிப்பு நின்றது. என் கையெழுத்து நன்றாக இருக்கும். ஆனால் எந்தக் கட்டத்துக்குள்ளும் அடங்காது. 'காபி கொடுத்தேன். நீ குடிச்சியா என்று கேட்டார்' என்று எழுதினேன். 'கேட்டார்' என்பதற்கு ஒற்றைக் கொம்பா இரட்டைக் கொம்பா என்று சந்தேகம் வந்து அடித்தேன். அடித்த பிறகு முதலில் எழுதியதுதான் சரி என்று தெரிந்தது. வீட்டுக்காரர் பெயர் எழுத வேண்டிய கட்டத்தைப் பக்கத்தில் நின்ற அவரே நிரப்பிவிட்டார். அந்தப் பெயரை இங்கே எழுதவும் எனக்குக் கை வரவில்லை. 'ஆ'வில் தொடங்கும்.

மரகதவல்லி படித்துப் பார்த்தார். "சாப்பிட்டியான்னு கேட்டாரா?"

"மூணு நாள்ல ஏழு தரம்."

"கேட்டுட்டுப் பதிலுக்கு நின்னாரா, போயிட்டாரா?"

"நின்னாரு."

முத்திரையை மையில் ஒற்றிக் குத்தினார். "தெளிவா இருக்கு" என்றார்.

அதற்கு மேல் விதிகள். முப்பது நாள் இவரை நான் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். சேதப்படுத்தக் கூடாது, இரவல் கொடுக்கக் கூடாது. அதற்குள் அசல் ஆளை ஆபீஸ்காரர்கள் தேடிப் பிடிப்பார்கள். முப்பதாம் நாள் அடையாள அணிவகுப்பு. அன்றைக்கு மண்டபத்தில் திரும்பிய பதினோரு பேரையும் வரிசையாக நிறுத்துவார்கள். நான் கூப்பிட வேண்டும். பதில் கொடுக்கிறவர் எனக்கு.

"ஏங்கன்னு கூப்பிடலாமா மேடம்?"

"அப்படிக் கூப்பிட்டுத்தானே இங்க வந்து நிக்கீங்க?"

"கோமதி அப்பான்னு?"

"இந்த ஊர்ல தடுக்கி விழுந்தா ஒரு கோமதி. பேரு சொல்லணும். பேரு மட்டுந்தான்."

"வாயில வரலைன்னா?"

"யாரும் கூப்பிடாதவங்க ஆவண அறைக்குப் போயிருவாங்க" என்று பேனாவால் நடையின் கடைசியில் இருந்த அறையைக் காட்டினார்.

கதவு பாதி திறந்திருந்தது. கட்டுக் கட்டாகக் காகிதங்களுக்கு நடுவில் ஐந்தாறு ஆண்கள் பெஞ்சில் அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் சுத்தமாகச் சட்டை போட்டிருந்தார்கள். ஒருவர் கோப்புகளைத் தூசி தட்டிக்கொண்டிருந்தார். மணி ஒன்றரை. அவர்களில் யாரும் யாரையும் சாப்பிட்டியா என்று கேட்டுக்கொள்ளவில்லை.

"நல்லாத்தான் பாத்துக்கிடுவோம்" என்றார் மரகதவல்லி. "ஒரு மருத்துவச் சான்றிதழும் வேணும். உங்க சந்தேகம் அசல்தானான்னு டாக்டர் எழுதித் தரணும்."

சான்றிதழ் என்றதும் எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. சினிமாவில் பைத்தியம் என்றால் தலையை விரித்துப் போட்டு, காதில் செம்பருத்தி வைத்து, மேலே பார்த்துச் சிரிப்பார்கள். வாரப் பத்திரிகைத் தொடர்கதையில் என்றால் எங்கிருந்தோ வீணைச் சத்தம் கேட்கும், பூஜை அறை விளக்கு தானாக அணையும், கதாநாயகி மயங்கி விழுவாள். தாங்கிப் பிடிக்கச் சரியாக அந்த நேரத்தில் ஒரு டாக்டர் வருவார். நான் கண்ணாடியில் பார்த்தேன். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. மேலே பார்த்துச் சிரித்துப் பார்த்தேன், ஒட்டடை தெரிந்தது, அதை அடித்தேன். மயங்கி விழலாம் என்றால் கீழே வற்றல் காயப்போட்டிருந்தேன். பைத்தியமாவதைக்கூட எனக்கு முறையாகச் செய்ய வராது என்று தெரிந்துபோயிற்று. ஒன்பதாம் வகுப்பைப் போல இதையும் வாசலோடு விட்டுவிட்டு வரப் போகிறேன் என்று நினைத்தேன்.

அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு பல் பிரிவுக்கு மேலே இருக்கிறது. டாக்டர் சின்ன வயசுக்காரர். ஒரு தடித்த புத்தகத்தின் மேல் டிபன் பாக்ஸை வைத்திருந்தார்.

"காதுல குரல் ஏதும் கேக்குதாம்மா?"

"கேக்கும்."

"என்ன சொல்லும்?"

"அடுப்ப அணைச்சியான்னு."

"போய்ப் பாத்தா?"

"அணைச்சிருக்கும்."

எழுதிக்கொண்டார். "டிவியில உங்களப் பத்திப் பேசுறாங்களா?"

"என்னப் பத்திப் பேசினா நானே சேனல மாத்திருவேன் டாக்டர்."

"யாராவது பின்னாலயே வர்ற மாதிரி தோணுதா?"

"வெளிய நிக்காரு. தண்ணி பாட்டிலு கொண்டாந்திருக்காரு."

டாக்டர் டிபன் பாக்ஸை எடுத்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்தார். "கூட இருக்கறவங்க மாறிட்டாங்கன்னு நம்புறது ஒரு நோய்ம்மா. கண்டுபிடிச்சவர் பேரையே அதுக்கு வச்சிருக்காங்க. இதுல பதினாறு பக்கம் இருக்கு."

"கூட இருக்கறவங்களப் பாக்காமலே இருக்கறது?"

அவர் பின்பக்க அட்டவணையில் விரலை ஓட்டித் தேடினார். "அதுக்கு ஒண்ணும் போடல. ஆனா நிறையப் பேருக்கு இருக்கு."

சான்றிதழில், 'சந்தேகம் உள்ளது. நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று மாத்திரையும் எழுதினார்.

"நான் போடணுமா, அவரு போடணுமா?"

"யாராவது ஒருத்தர் போட்டாப் போதும்."

முறை வைத்துப் போட்டுக்கொண்டோம். காலையில் நான், சாயங்காலம் அவர். எனக்கு வயிறு லேசாக எரிந்தது. "சாப்பிட்டுட்டுத்தானே போட்ட?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் கேட்கும்போதெல்லாம் நான் 'ஆச்சு' என்று சொல்லிவிடுவேன். யோசித்துச் சொல்வதில்லை. தும்மினால் முருகா என்பது மாதிரி, கேட்டால் ஆச்சு. பத்தாம் நாள் அவர் "எப்போ?" என்றார். யோசித்துப் பார்த்ததில் காலையிலிருந்து இரண்டு தோசை ஓரமும் தாளித்த கரண்டியில் ஒட்டியிருந்ததும்தான் உள்ளே போயிருந்தன, அதுவும் நின்றுகொண்டே. அவர் கூடத்திலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தூக்கி வந்து அடுக்களையில் போட்டுவிட்டுப் போனார்.

அதில் உட்கார எனக்கு மூன்று நாள் ஆயிற்று. முதல் நாள் அதன் மேல் காய்கறிக் கூடையை வைத்தேன். இரண்டாம் நாள் கூடையை இறக்கிவிட்டுத் துடைத்தேன். மூன்றாம் நாள் உட்கார்ந்து, சூடு ஆறாமல் ஒரு காபி குடித்தேன். நாக்கு சுட்டுவிட்டது. எனக்குச் சூடாகக் குடித்துப் பழக்கமில்லை.

நல்லதாகப் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். எனக்குப் பழைய கவலைகளோடு புதுசாக ஒன்று சேர்ந்தது. இவர் கேட்பதை நிறுத்திவிட்டால்? ஒரு நாள் மத்தியானம் ஒரு மணிக்குக் கேட்கவில்லை. குமிழை ஐந்து தரம் பார்த்தேன். ஒன்றே காலுக்குக் குளித்துவிட்டு வந்து கேட்டார். இருபத்தேழு வருஷம் யாரும் கேட்காமல் இருந்தவள், கால் மணி நேரம் தாமதமானதற்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். மனுஷி எவ்வளவு சீக்கிரம் கெட்டுப்போகிறாள்!

ஒரு பக்கம் பெயர் சொல்லப் பழகிக்கொண்டிருந்தேன். குக்கர் விசில் அடிக்கும்போது, அந்தச் சத்தத்துக்குள் சொல்லிப் பார்ப்பேன். 'ஆ' என்று வாயைத் திறந்ததும் கொட்டாவி வந்துவிடும். ஒவ்வொரு தடவையும். தண்ணீர் குடித்துவிட்டுத் திறந்தாலும் கொட்டாவி. ஒரு விசிலுக்கு ஒரு கொட்டாவி என்று பருப்பு குழைந்ததுதான் மிச்சம்.

அதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. பெயரைச் சரியாகச் சொன்னால் அசல் ஆள் பதில் கொடுப்பார், இவர் போய்விடுவார். சொல்லாவிட்டால் இரண்டு பேரும் ஆவண அறைக்குப் போவார்கள். இந்த மாதிரி கணக்கெல்லாம் ஒன்பதாம் வகுப்பில் சொல்லிக்கொடுப்பார்கள் போலிருக்கிறது.

இருபதாம் நாள் ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. அசல் ஆள் கிடைத்துவிட்டார். எங்கள் தெருவிலிருந்து நாலு தெரு தள்ளி, முத்துப்பேச்சி என்கிற பெண்ணின் வீட்டில் பத்திரமாக இருக்கிறார், போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தது. மண்டபத்தில் அதே நேரத்தில் அவளும் 'ஏங்க' என்று கூப்பிட்டிருக்கிறாள்.

போனேன். இவர்தான் கொண்டுபோய் விட்டார். உள்ளே வரவில்லை, தெருமுனையில் நிற்கிறேன் என்றார்.

அவர் அங்கே கூடத்தில், முக்காலியில் காலைத் தூக்கிப் போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் முன்னால் போய் நின்றேன். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் காலி டம்ளரை நீட்டினார். கை தானாக வாங்கிக்கொண்டது. சந்தேகமே இல்லை, அவரேதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. டம்ளரின் அடியில் ஒரு வாய்க் காபியை எப்போதும் போல மிச்சம் வைத்திருந்தார்.

முத்துப்பேச்சி அடுக்களையில் கோதுமை மாவு சலித்துக்கொண்டிருந்தாள். என்னைவிட நாலைந்து வயசு சின்னவள். நல்ல சதைப்பிடிப்பு.

"வாங்கக்கா. இவரு எப்பவுமே இப்படித்தானா?"

"இப்படித்தான்."

"ஒண்ணுமே கேக்க மாட்டாரோ?"

"மாட்டாரு. கஷ்டமா இருக்கோ?"

"அய்ய, கஷ்டமா? இப்பதாங்க்கா நிம்மதியா இருக்கேன்." அவள் சல்லடையைக் கீழே வைத்தாள். "எங்க வீட்டுக்காரரு இருக்காரே, சாப்பிட்டியா, சாப்பிட்டியா, சாப்பிட்டியான்னு என்னப் போட்டு எடுத்துருவாரு. பதில் சொல்ற வரைக்கும் நகர மாட்டாரு. இல்லன்னு சொன்னா வருத்தப்படுவாருன்னு சாப்பிட்டுச் சாப்பிட்டே இந்த உடம்பு. இவருக்கு நான் இந்த வீட்ல இருக்கேங்கறதே தெரியாது. போன வாரம் எங்க அக்கா வீட்டுக்குப் போயி ரெண்டு நாள் இருந்துட்டு வந்தேன். வந்ததும் டம்ளர நீட்டுதாரு."

"எங்கிட்ட இருக்கறவரு அவருதான் போல."

"கேக்காரா?"

"கேக்காரு."

"பாவம் நீங்க" என்றாள்.

அவள் வீட்டுக்காரர் பெயர் என்ன என்று கேட்டேன். வெட்கப்பட்டாள். அவளும் சொல்ல மாட்டாளாம். சலித்த மாவைப் பரப்பி விரலால் எழுதத் தொடங்கினாள். 'ஆ' என்று எழுதினாள். அதற்குள் கூடத்தில் அவர் டம்ளருக்காகச் செருமினார். அவள் எழுந்து ஓடியதில் முந்தானை பட்டு மாவு கலைந்துவிட்டது.

முப்பதாம் நாள், தாலுகா ஆபீஸ் வளாகத்தில் வாகை மரத்து நிழலில் பதினோரு ஆண்களையும் நிற்க வைத்தார்கள். சட்டையில் நம்பர் குத்தியிருந்தது. என் வீட்டில் இருந்தவர் நாலாம் நம்பர். என்னுடையவர் ஒன்பதாம் நம்பர், நின்றபடியே பேப்பர் படித்தார். மரகதவல்லி மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். முத்துப்பேச்சி கையில் ஒரு டம்ளரோடு வந்திருந்தாள். காலையில் கிளம்பும்போது நாலாம் நம்பர் அடுக்களை நாற்காலியைத் துடைத்து, என் பக்கமாகத் திருப்பிப் போட்டுவிட்டுத்தான் சாவியை எடுத்தார்.

"கூப்பிடுங்கம்மா" என்றார் மரகதவல்லி.

நான் வாயைத் திறந்தேன்.

"ஆ…"

கொட்டாவி வந்தது. தாடை சொடுக்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது. வேண்டுமென்றே செய்தேனா என்று கேட்டால், அதை எழுத எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. கொட்டாவி தொற்றும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஒன்றாம் நம்பர் கொட்டாவி விட்டார். இரண்டு விட்டார், மூன்று விட்டார். ஒன்பதாம் நம்பர் பேப்பருக்குப் பின்னால் விட்டார். பதினோராம் நம்பர் வரைக்கும் போயிற்று. நாலாம் நம்பர் மட்டும் விடவில்லை. ஓர் அடி முன்னால் வந்து, "ஏன், சரியாத் தூங்கலையா?" என்றார்.

"கூப்பிட்டதுக்குப் பதில் கொடுத்தவர் நாலாம் நம்பர்" என்று சொல்லி மரகதவல்லி எழுதிக்கொண்டார்.

"மேடம், கொட்டாவி செல்லும்னா டம்ளரும் செல்லும்ல?" என்றாள் முத்துப்பேச்சி. மரகதவல்லி விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, செல்லும் என்றார். முத்துப்பேச்சி டம்ளரை மேசையில் ணங்கென்று வைத்தாள். ஒன்பதாம் நம்பர் பேப்பரைத் தாழ்த்தாமல் கையை நீட்டினார். இரண்டு நிமிஷத்தில் அவர்கள் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்கள். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

எல்லாம் முடிந்தது என்று செருப்பைத் தேடினேன்.

"இருங்க" என்றார் மரகதவல்லி. "இப்ப அவரு உங்களக் கூப்பிடணும். ரெண்டு பக்கமும் உறுதியாகணும்ல?"

வேறு வேலையாக வந்திருந்த பெண்களையும் சேர்த்துப் பதினான்கு பேரை எதிர்ப்பக்கம் நிறுத்தினார்கள். இந்த ஊர் ஆண்கள் எல்லாரும் 'இந்தா' என்றுதான் கூப்பிடுவார்கள். இந்தா என்றால் பதினான்கு பேரும் திரும்புவோம். என்னைவிடச் சுறுசுறுப்பானவள் ஒருத்தி முதலில் போய்விடுவாள். வரிசையில் நான் கடைசி, என் முன்னால் நின்றவளோ ஓட்டப்பந்தயக்காரி மாதிரி இருந்தாள். அடுப்பை வேறு அணைத்தேனா என்று ஞாபகம் இல்லை.

நாலாம் நம்பர் ஒரு தடவை செருமிவிட்டுக் கூப்பிட்டார்.

"செண்பகவடிவு."

என் பெயர் அதுதான். வீட்டில் அதை யாரும் சொன்னதில்லை. எங்கள் அப்பா அம்மா வடிவு என்பார்கள், கல்யாணத்துக்குப் பிறகு அதுவும் இல்லை. முழுப் பெயரையும் கடைசியாகச் சொன்னவர் எட்டாம் வகுப்பில் ஞானமுத்து வாத்தியார், வருகைப் பதிவு எடுக்கும்போது. என் முதுகு தானாக நிமிர்ந்தது. கை கட்டிக்கொண்டது. ஓர் அடி முன்னால் வந்து, "உள்ளேன் ஐயா" என்றேன்.

மரகதவல்லி வெகுநேரம் எழுதினார். பிறகு அவரைப் பார்த்து, "சார், பேருக்குப் பதில் கொடுத்தது எட்டாம் வகுப்பு முடிச்ச மாணவி. உங்க சம்சாரம் இல்ல" என்றார்.

"அப்படியா?" என்றார் அவர்.

"சம்சாரம் எங்கயோ மாறியிருக்காங்க. தேடுவோம். கிடைக்கிற வரைக்கும் இவங்களப் பத்திரமா வச்சிருங்க. சேதப்படுத்தக் கூடாது, இரவல் கொடுக்கக் கூடாது. மேல படிக்க வேண்டியவங்க, அதனால பள்ளிக்கூடத்துக்கு அனுப்பணும்."

"சரிங்க மேடம்."

காணாமல் போன பெண்ணின் அடையாளம் எழுத வேண்டிய கட்டம் அவருக்குச் சரியாக வரவில்லை. முப்பது நாள்தானே பார்த்திருக்கிறார். பேனாவை நான் வாங்கினேன். 'வயது நாற்பத்தெட்டு. எதற்கெடுத்தாலும் பயப்படுவாள். அடுப்புக் குமிழைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். நின்றுகொண்டு சாப்பிடுவாள். என்ன கேட்டாலும் ஆச்சு என்பாள்' என்று எழுதினேன். கட்டத்துக்குள் அடங்கியது.

கோமதிக்குப் போன் பண்ணிச் சொன்னேன்.

"ஒன்பதாங்கிளாஸா? கணக்கு கஷ்டமா இருக்கும்மா. சனிக்கிழமை சாயங்காலம் வீடியோ கால்ல வா, சொல்லித் தாரேன்" என்றாள்.

திங்கட்கிழமை சேர்ந்தேன். சீருடை நிறத்தில் நீலப் புடவை கட்டிக்கொள்ளலாம் என்றார்கள். உயரமாக இருப்பதால் கடைசி பெஞ்சு, ஜன்னல் ஓரம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை, "நீங்க எந்த ஸ்கூல்லேருந்து வந்திருக்கீங்க?" என்று கேட்டாள். சொன்னேன். பழுப்புத் தாள் அட்டை போட்ட என் புத்தகத்தில் இருந்த பாடம் எதையும் இப்போது வைப்பதில்லையாம். அட்டை மட்டும் செல்லும் என்றார்கள்.

சாயங்காலம் அவர் வாசலிலேயே நின்றிருந்தார். பையை வாங்கிக்கொண்டு, "சாப்பிட்டியா?" என்றார்.

"இல்ல" என்றேன். "பசிக்குது."

அவர் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்து, இரண்டு தோசை ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். நான் அடுக்களை நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே மறு கையால் கணக்கு நோட்டைப் பிரித்தேன். அடுப்பை அணைத்தாரா என்று நான் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. அதைப் பார்க்கிறவள் இன்னும் கிடைக்கவில்லை.